சவரிமுத்து அண்ணன் தேடிய முர்தபா

சனிக்கிழமை மாலை ஜொகூர் பாரு ஸ்டேஷன் வாசலில், "நாளைக்குக் காலை ரயில், வேலு. அராப் ஸ்திரீட்டுக்குப் பின்னால புதுசா ஒருத்தன் கடை போட்டிருக்கானாம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார் சவரிமுத்து அண்ணன். மறுநாள் டிக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தேன். போர்ட்டர் ராமன் வந்து, "கிராணி தூக்கத்திலேயே போயிட்டாருங்க" என்றான். எந்தக் கிராணி என்று கேட்டேன். அவன் என் கையிலிருந்த இரண்டு டிக்கெட்டுகளையே பார்த்தான். இதை எழுதும்போதும் என்னால் நம்ப முடியவில்லை.

சரக்கு ஆபீசில் அவரோடு கிராணியாகக் கணக்கு எழுதிய உங்களுக்கு எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம் தெரியும். சிங்கப்பூரிலேயே நல்ல முர்தபா ரொட்டி எந்தக் கடையில் என்று தேடி அலைந்தோம். என் மனைவி காலமான வருஷம் ஆரம்பித்தது அது. வீட்டில் சோறு இறங்காமல் கிடந்த என்னைக் கையைப் பிடித்து ரயிலேற்றியவர் அவர்தான்.

கடையில் அவருக்கென்று சட்டங்கள் உண்டு. "குழம்பத் தொடாதீங்க, அது எல்லாத்தையும் மறைச்சிடும்" என்பார். முதல் வாய் நான்தான் சாப்பிட வேண்டும். தவக்காலத்தில் இறைச்சியைத் தொடமாட்டார், ஆனாலும் வருவார். வெறும் தேநீரோடு எதிரே உட்கார்ந்து, "சாப்பிடத்தான் கூடாது. பாக்கவும் கூடாதா லா?" என்று சிரிப்பார்.

தேக்காவில் ஒரு கடை. மாவு காகிதம் போல மெல்லிசு, உள்ளே முட்டையும் வெங்காயமும் ஆட்டுக்கறியும் பதமாக வெந்திருந்தன. இதுதான் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல வேலு, இது இல்ல" என்று எழுந்துவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க நாக்குல ஏதாவது கோளாறாண்ணே?" என்று கேட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல்லாவிலிருந்தவர் எங்களை முறைத்தார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் அந்தக் கதையை மரியம்மா அண்ணியிடம் சொன்னேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அவருக்கு ருசி ஏது தம்பி? கோத்தா திங்கியில காய்ச்சல்ல கெடந்தப்பவே போயிருச்சு. உப்பா ஒறப்பான்னு தெரியாது. ஒங்ககிட்ட சொல்லலியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஒங்க மொகத்ததான் பாப்பாராம். 'மரியா, வேலு இன்னும் எனக்காகத்தான் நல்லாருக்குன்னு சொல்றாரு. நெஜமா பசிச்சு சாப்பிடுற கடை ஒண்ணு கெடைக்காமயா போயிரும்'னு சொல்வாரு."

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் என் எதிரே உட்கார்ந்து, ருசி தெரியாத வாயால் மென்று கொண்டிருந்த மனிதரை நான் ஒரு நாளாவது சரியாகப் பார்த்தேனா?

அக்கம்பக்கத்தார் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்தார்கள். மறுப்பதற்காகத்தான் கையை நீட்டினேன். ஆனால் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். என் மனைவி போனபோது மாதக்கணக்கில் ஒரு கவளம் இறங்காத எனக்கு, அவரைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கே பசித்தது. வெட்கமாக இருந்தது. அழுதுகொண்டே குடித்தேன். காலிக் கிண்ணத்தை அண்ணியிடம் நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றேன்.

அந்தப் பசியைத்தான் அவர் எனக்கு விட்டுப் போயிருக்கிறார். அவர் அதைப் பார்க்கவில்லை.