ஃபேமிலியை அடித்ததால் நான் வழிமறித்த கதை

மலாயாவில் லாயாங் லாயாங் என்ற ஊர் ஸ்டேஷன் பக்கத்து ரயில்வே லயத்தில் குடியிருந்தபோது எனக்குத் தலைப்பிரசவம், எட்டாம் மாதம். குளுவாங்கில் இருந்த அம்மா வீட்டில் என்னைக் கொண்டுபோய் விட என் வீட்டுக்காரருக்கு நாலு நாள் லீவு வேண்டும். தண்டவாளம் பழுதுபார்க்கும் ஆட்களை மேய்க்கும் மண்டோர் அவர்தான். நல்ல மனிதர். நாலு வருஷம் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போன மிடுக்கு மட்டும் கொஞ்சம் உண்டு. மீசையையும் இங்கிலீஷையும் ஒரே மாதிரிதான் முறுக்குவார்.

லீவு கேட்டு ரயில்வே துரைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். எனக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஆனால் கல்யாணத்துக்கு முன்பு ஒரு துரைசானியிடம் ஆயாவாக இருந்தேன். ஒருத்தி பிள்ளை உண்டாகியிருப்பதை அந்தம்மா பட்டென்று சொல்ல மாட்டார். குரலைத் தாழ்த்தி, 'இன் த ஃபேமிலி வே' என்பார். வீட்டுப் பூனைக்கும் அதே மரியாதைதான், அதை விடுங்கள்.

"ஏங்க, அப்படியே எழுதுங்க" என்றேன்.

எழுதினார். மை காய்வதற்குள் நெற்றியைச் சுருக்கினார். "ஏ புள்ள, வைஃப்னாலும் நீதான், ஃபேமிலினாலும் நீதான். ஒரே ஆள எதுக்கு ரெண்டு வாட்டி எழுதணும்? துரை சிரிக்க மாட்டாரு?"

"துரைசானி அப்படித்தாங்க சொல்லுவாங்க."

"பள்ளிக்கூடம் போனது நீயா, நானா?"

ஃபேமிலியை அடித்துவிட்டு, 'மை வைஃப் இஸ் இன் த வே' என்று வேறு தாளில் அழகாக எழுதி அனுப்பினார்.

மூன்றாம் நாள் சிவப்புப் பென்சில் கிறுக்கலோடு கடிதம் திரும்பி வந்தது. கொண்டுவந்த ஸ்டேஷன் மாஸ்டர் சிலோன்காரர். வாசலிலேயே நின்று, தொப்பி குலுங்கச் சிரித்தார்.

"இஞ்ச பாரும் மண்டோர், உம்மட மனிசி வழியை மறிச்சுக்கொண்டு நிக்கிறா எண்டெல்லோ எழுதியிருக்கிறீர்! 'மெயில் வண்டி வர முன்னம் அவவை லைனை விட்டு இறக்கும்' எண்டு துரை எழுதியிருக்கிறார்!"

"அலமாக்! அப்ப லீவு?" என்றேன்.

"லீவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, தங்கச்சி."

என் சிரிப்பு பாதியில் நின்றது. அம்மா பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெறுவதா? உள்ளே போய்ப் புதுத் தாளையும் மைக்கூட்டையும் எடுத்துவந்து என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன்.

"எழுதுங்க. மை... வைஃப்..."

நான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அவர் எழுதினார். ஃபேமிலி வந்ததும் பேனா நின்றது.

"எழுதுங்க லா. ரெண்டு வாட்டி இருந்தா என்ன? நான் இப்ப ரெண்டு ஆளுதானே!"

மறுநாளே லீவுக்குத் துரையின் கையெழுத்து வந்துவிட்டது. ரயிலில் குளுவாங் போகும் வரை என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். கோபமாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அந்த நாலு சொல்லையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.