முன்குறிக்கப்படாதவனின் தங்கை

என் அண்ணன் செத்த அன்று எங்கள் சபைப் போதகர் பேசியது மொத்தம் ஐந்து நிமிடம்கூட இருக்காது. அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் மூன்று வருடம் இறையியல் படித்தேன். தபாலில் பாடம் வாங்கினேன், பரீட்சை எழுதினேன், பாஸ் செய்தேன். பக்தியால் படிப்பதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த மனிதரை ஜனங்களுக்கு முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும், அதற்காகப் படித்தேன்.

அண்ணன் பிக்கப் வண்டி ஓட்டினான். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே இறங்குவான். அப்படிப் போய்வந்த இடத்தில்தான் அண்ணியைப் பார்த்தான். சாமை விதைக்கிற மலைக்குடும்பம். தங்கள் சாமியைக் கும்பிடுகிறவர்கள். கல்யாணத்துக்கு முன்பே அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பெயரை மாற்ற வேண்டும் என்றார் போதகர்.

"அவளுக்கா தோணுச்சின்னா வரட்டும் பாஸ்டர். நா புடிச்சினு வந்து தண்ணியில முக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டான் அண்ணன்.

அடுத்த ஞாயிறே சபைப் பதிவிலிருந்து அவன் பெயரை அடித்தார்கள். அண்ணன் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மலையிலேயே குடியேறினான். மாதம் ஒருமுறை கள்ளக்குறிச்சிக்கு வந்து, அம்மாவையும் கல்யாணமாகாத என்னையும் பார்த்துவிட்டுப் போவான். ஐந்து வருடம் இப்படிப் போனது. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், மலைப்பாதை வளைவில், கிழங்கு மூட்டைகளோடு அவன் வண்டி கவிழ்ந்தது.

உடலை எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தார்கள். இரண்டு ஜீப்பில் மலைப் பெண்கள் வந்து இறங்கினார்கள். தெருவிலேயே மாரடித்து ஒப்பாரி தொடங்கினார்கள். அம்மா அவர்களோடு சேர்ந்து புரண்டு அழுதாள். அப்போதுதான் போதகர் வந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. கையைத் தூக்கி, "நிறுத்துங்க" என்றார். அழுகை அடங்கியது.

"தேவன் உலகத்த உண்டாக்கறதுக்கு முன்னாலயே சிலர ஜீவனுக்குன்னு முன்குறிச்சார். சிலர விட்டுட்டார். அது அவர் சித்தம். இந்தப் பையன் எந்தப் பக்கம்னு அவன் வாழ்க்கையே காட்டிடுச்சி. இப்ப அழுதா, தேவனோட தீர்ப்ப எதுத்து அழறீங்கன்னு அர்த்தம்."

அம்மா எழுத்து அறியாதவள். ஆனால் நாற்பது வருடம் பிரசங்கம் கேட்டவள். தரையில் உட்கார்ந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"பெத்தவ அழக்கூடாதாங்க? நாலு நாள் ஆன பொணத்துக்காக ஏசு சாமியே கல்லறைகிட்ட நின்னு அழுதாராமே?"

"அவர் தேவன்மா. தேவனுக்கு ஏது துக்கம்? சுத்தி நின்ன ஜனங்களுக்காக அழுது காட்டினார். வெளிய கண்ணீர் வந்துச்சி. உள்ள அவர் அழவேயில்ல."

அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு அவள் அழவில்லை. அன்றும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை.

சபைக் கல்லறையில் இடம் தர முடியாது என்றும் சொல்லிவிட்டார். அண்ணியின் அப்பா முன்னால் வந்து, "எங்க மருமவனுக்கு எங்க காட்டுல எடம் இருக்குதுங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார். அந்நிய சாமிகளின் மண்ணுக்குச் சபையாள் போகக்கூடாது என்று போதகர் சொன்னதால் அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள். நான் மட்டும் ஜீப்பில் ஏறினேன். சாமை நிலத்தின் ஓரத்தில் குழி வெட்டி அண்ணனை வைத்தார்கள். திரும்பி வருகிற பேருந்து கோமுகி அணையைக் கடக்கும்போது நான் முடிவு செய்தேன். இந்த ஆளை விடக்கூடாது. ஆள் வைத்து அடிக்கவோ போலீசுக்குப் போகவோ நான் நினைக்கவில்லை. எந்த வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் அம்மாவின் வாயை அடைத்தாரோ, அதே வேதத்தால் அவர் வாயை அடைக்க வேண்டும்.

வடக்கனந்தல் பக்கம் ஒரு லாரி எடைமேடையில் எனக்கு வேலை. கரும்பு வெட்டுக் காலத்தில் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். மற்ற மாதங்களில் ஒரு வண்டிக்கும் இன்னொரு வண்டிக்கும் நடுவே அரைமணி நேரம் சும்மா இருக்கும். அந்த இடைவெளிகளில் படித்தேன். முதல் வருடம் முழுக்க எனக்குத் தேவையான எதுவும் கிடைக்கவில்லை. இரண்டாம் வருடம் கிறிஸ்துவின் தன்மை பற்றிய பாடம் வந்தது.

அவர் முழுக் கடவுள், முழு மனிதர்; இரண்டும் கலந்து மூன்றாவது ஒன்றாகிவிடவும் இல்லை, தனித்தனியாகப் பிரிந்து நிற்கவும் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லி முடிக்க ஆதித் திருச்சபை நூற்றாண்டுக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறது. அவர் மனிதர் மாதிரி தோன்றினார், அவ்வளவுதான், பசித்ததும் அழுததும் வெறும் காட்சி என்று போதித்தவர்களைத் துருபதேசக்காரர்கள், பொய்ப் போதகர்கள் என்று அந்தக் காலத்திலேயே வெளியே தள்ளியிருக்கிறார்கள். படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வெளியே எடைக்கு நின்ற டிராக்டர்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, தனியா உக்காந்து சிரிச்சிக்கினு கீற?"

"ஒண்ணுமில்லண்ணே. தேடிக்கினு இருந்தது கெடச்சிடுச்சி."

முன்குறித்தல் பற்றிய பாடம் அவ்வளவு சுலபமாக இல்லை. அதைப் பிரிக்கவே பயந்தேன். போதகர் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? அண்ணன் உண்மையிலேயே விடப்பட்டவனாக இருந்துவிட்டால்? பத்து நாள் அந்தக் கவர் என் மேசையிலேயே கிடந்தது. பிறகு படித்தேன். மரியாளின் வயிற்றில் உருவான இயேசு என்ற மனிதர் எந்தப் புண்ணியமும் செய்து கடவுளோடு ஒன்றாகவில்லை; உருவான கணமே ஒன்றாக இருந்தார். கேட்காமல், சம்பாதிக்காமல் கிடைத்த தயவு அது. முதலில் தெரிந்துகொள்ளப்பட்டவர், அதாவது தேர்ந்தெடுக்கப்பட்டவர், அவர்தான், மற்றவர்கள் அவருக்குள்தான் தெரிந்துகொள்ளப்படுகிறார்கள், ஆகவே யார் உள்ளே, யார் வெளியே என்ற பட்டியலைத் தேடாதே, அவரைப் பார் என்றது பாடம். இதில் பல கட்சிகள் இருப்பதையும் மறைக்கவில்லை. ஆனால் மிகக் கடுமையான கட்சிக்காரர்கள்கூட, செத்த ஒருவனைக் காட்டி 'இவன் விடப்பட்டவன்' என்று சொல்ல எந்த மனிதனுக்கும் அதிகாரமில்லை என்றே எழுதியிருந்தார்கள். பயந்தவர்களைத் தேற்றுவதற்காகச் சொல்லப்பட்ட உபதேசம் அது. அதை எடுத்து என் அண்ணனின் பிணத்தின்மேல் எறிந்திருந்தார் அந்த ஆள்.

என்னிடம் இப்போது ஆயுதம் இருந்தது. எங்கே வீசுவது என்பதுதான் கேள்வி. காத்திருந்தேன். மலைக்குப் போனது தப்பு என்று அவரிடம் எப்போதோ சொல்லி வைத்திருந்தேன். ஞாயிறுதோறும் முன் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். போதகருக்கு என்மேல் நம்பிக்கை வளர்ந்தது. "பாருங்க, வீட்ல துக்கம் நடந்தும் விசுவாசத்துல நிக்கிற சகோதரி" என்று பிரசங்கத்திலேயே என்னைக் காட்டினார். அவருடைய குறிப்புகளை டைப் அடித்துக் கொடுக்கிற வேலையும் எனக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்கு முறுக்கு சுட்டு எடுத்துப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்காக ஜெபித்தாள். கண்ணை மூடியபடி நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருடம் நாள் வந்தது. எங்கள் தகரக்கூரைச் சபையை ஒரு பெரிய சபை அமைப்போடு சேர்க்கவும், போதகருக்கு அபிஷேகம் கொடுத்து ரெவரெண்ட் ஆக்கவும் ஏற்பாடு நடந்தது. சேலத்திலிருந்து மூன்று பெரியவர்கள் வந்து அவர் பிரசங்கத்தைக் கேட்பார்கள், கேள்வி கேட்பார்கள், சபையாரும் கேட்கலாம். எதைப் பிரசங்கிப்பது என்று போதகர் என்னிடமே யோசனை கேட்டார்.

"ஏசு கல்லறைகிட்ட அழுதாரே, அதயே பிரசங்கம் பண்ணுங்க பாஸ்டர். நீங்க சொல்ற மாதிரி யாரும் சொல்லி நா கேட்டதில்ல" என்றேன். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை.

அவர் அதையே செய்தார். தேவனுக்குத் துக்கமில்லை, அந்தக் கண்ணீர் ஜனங்களுக்குக் காட்டிய அடையாளம் என்று குரலை ஏற்றி இறக்கிப் பேசினார். சேலத்துப் பெரியவர்களில் மூத்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சபையார் கேட்கலாம் என்றதும் நான் எழுந்தேன்.

"ஒரு சந்தேகம் பாஸ்டர். அவர் அழுதது நெஜமில்லன்னீங்க. சிலுவையில அவருக்கு வலிச்சிதா?"

அவர் சிரித்தார். தனக்கு எடுத்துக்கொடுக்கிற கேள்வி என்று நினைத்திருப்பார். "மனுஷ சாயலுக்கு வலிச்சிது சிஸ்டர். தேவனுக்கு வலிக்கல."

"அப்ப செத்தது யாரு? அவரா, சாயலா?"

அவர் வேதத்தின் பக்கங்களைப் புரட்டினார்.

"சாயல்தான் செத்துச்சின்னா, நமக்காக யாருமே சாவலியே பாஸ்டர். அந்தக் கண்ணீர் நடிப்புன்னா சாவும் நடிப்புதான?"

மூத்தவர் மெதுவாக, "சகோதரி கேக்கறது ரொம்பப் பழைய கேள்வி. பதில் சொல்லுங்க தம்பி" என்றார். போதகர் இரண்டு வசனங்களைத் தொடங்கினார், இரண்டையும் முடிக்கவில்லை. நான் உட்காரவில்லை.

"இன்னொண்ணு பாஸ்டர். எங்கண்ணன் முன்குறிக்கப்படலன்னு பொணத்துக்கு முன்னால சொன்னீங்களே, அந்த லிஸ்ட எங்க பாத்தீங்க?"

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. முன்வரிசை, குறிப்புகள், முறுக்கு, எல்லாம் விளங்கிவிட்டது என்று அவர் கண் சொன்னது. வெள்ளைச் சட்டை வியர்வையில் மார்பில் ஒட்டிக்கொள்ள, மைக்கைப் பிடித்தபடி நின்றார். அந்த முகத்தை நான் ஆசைதீரப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நிமிடம் வேறு இல்லை. இதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

அபிஷேகம் நின்றுபோனது. உபதேசத்தில் தெளிவு போதாது, இரண்டு வருடம் படித்துவிட்டு வரட்டும் என்று கடிதம் வந்தது. சபையில் பாதிப்பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

அவரைக் கேள்வி கேட்ட அன்று மதியம் சபையிலிருந்து நேராக வீட்டுக்கு ஓடினேன். முழங்கால் வலியால் அம்மா வந்திருக்கவில்லை. முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முழித்த முழியைச் செய்துகாட்டினேன். அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு நெஜமாவே அழுதாராடி?"

"யாரும்மா, பாஸ்டரா?"

"ஏசு சாமி."

"ஆமாம்மா. நெஜமாத்தான் அழுதாரு. மனுசனா பொறந்தவரு, நம்மள மாதிரியே நெஞ்சு வெடிச்சி அழுதாரு."

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது வருசப் பாடத்துல வந்துச்சி."

"ஒண்ணரை வருசமாத் தெரியுமா?"

"முன்னாடியே சொல்லியிருந்தா நீ வெளிய பேசியிருப்ப. அந்தாளு உசாராயிருப்பான்."

அம்மா என்னைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். "அவன் என் வாய அடச்சான். சாவி கெடச்சப்புறமும் நீ பூட்டியே வெச்சினு இருந்த."

பிறகு அழுதாள். மூன்று வருட அழுகை. அண்ணன் பெயரைச் சொல்லிக் கூவியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் கிட்டே போனபோது அம்மா என் கையை விலக்கிவிட்டாள்.

மறுநாளே மலைக்குப் போக வேண்டும் என்றாள். முதல் பேருந்தில் கூட்டிப்போனேன். அண்ணி நிறுத்தத்தில் காத்திருந்தாள். சாமைக் கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்த நிலத்தின் ஓரமாக, அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். இருவரும் மண்ணில் உட்கார்ந்தார்கள். அண்ணி ஒப்பாரியை எடுத்துக்கொடுக்க, அம்மா சபையில் நாற்பது வருடம் பாடிய ஞானப்பாட்டு ராகத்தில் அதைத் தொடர்ந்தாள். வேலை செய்துகொண்டிருந்த பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். நான் வரப்பில் நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

சில மாதம் கழித்து, வேறொரு வேலையாகச் சின்னசேலம் போனபோது ரயில் நிலையத்தில் போதகரைப் பார்த்தேன். மனைவி, மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் எழுந்து வந்தார்.

"உங்க மேல எனக்குக் கோவமில்ல சிஸ்டர். இதுவும் தேவன் முன்குறிச்சதுதான்."

மூன்று வருட உழைப்பை ஒரே வாக்கியத்தில் என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்.

"அவர் மேல பழி போடாதீங்க பாஸ்டர். நாந்தான் பண்ணேன். திட்டம் போட்டு, காத்துக்கினு இருந்து, நானேதான் பண்ணேன். எங்கம்மாவ அழக்கூடாதுன்னு சொன்னதும் நீங்கதான். அவர் சொல்லல."

"உங்களுக்காக ஜெபம் பண்றேன்" என்றார்.

"எங்கம்மாகிட்ட மன்னிப்பு கேளுங்க. அது போதும்."

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். ரயில் வரும்வரை அங்கேயே நின்றேன். கேட்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து வேதத்தைத் திறந்துகொண்டார். நான் அவரை மன்னிக்கவில்லை, இன்றுவரை.

அம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்குப் போவதில்லை, மலைக்குப் போகிறாள். பேருந்து நிலையம் வரை நான்தான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன். "சாப்பாட்டுக் கூடைய எடுத்துக்கினியா?", "சாயந்திரம் எந்த வண்டிக்கு வருவ?" என்கிற அளவில்தான் எங்களுக்குள் பேச்சு. அவளிடம் நானும் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். வாரத்துக்கு வாரம் தள்ளிப்போடுகிறேன். பேருந்து புறப்பட்டுப் போய்விடுகிறது.