அதுவரைக்கும் ஒரு ரப்பர் குழாய்

பட்டறைக்காரரே, அந்த மனிதரையும் என்னையும் சாவின் வாயில் தள்ளியது நீங்கள்தான்.

மலைமேல் புதூர்நாட்டில் பஸ்ஸைத் தவறவிட்ட என்னை அவர்தான் தன் சிவப்புக் காரில் ஏற்றிக்கொண்டார். ஒல்லியான ஆள், நரைத்த மீசை. வேகத்துக்காக எஞ்சினை மாற்றிக் கட்டிய கார் அது. எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயை அளவெடுத்துச் செய்து தருவதாகச் சொல்லி மாதக்கணக்கில் இழுத்தீர்கள். அதுவரைக்கும் ஓட்டச் சொல்லி ஒரு ரப்பர் குழாயை மாட்டிவிட்டீர்கள். சிக்னல் கிடைத்த இடத்திலெல்லாம் அவர் காரை நிறுத்தி உங்களுக்குப் போன் செய்து பார்த்தார்.

இறக்கத்து வளைவில் அந்த ரப்பர் கிழிந்து, காற்று வழி மூடாதபடி உள்ளே சிக்கியது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் கார் சீறிக்கொண்டு ஓடியது. என் பக்கம் பள்ளம்.

"கெட்டியா புடிச்சிக்கோங்க சார்!"

எஞ்சினை அணைத்து, தன் பக்கத்துப் பாறையில் உரசி நிறுத்தினார். உடனே உங்களுக்குத்தான் போன் போட்டார்.

"அண்ணே, பார்ட் எப்பண்ணே வரும்?"

அவ்வளவுதான் கேட்டார்.

"நாலு வார்த்தை திட்டக் கூடாதா?" என்றேன்.

"கோச்சிக்கினா இன்னும் லேட் பண்ணுவாருங்க."

பள்ளத்துக்குப் பயப்படாத அந்த முகத்தில் அப்போதுதான் பயத்தைப் பார்த்தேன். அது இன்னும் எனக்குப் புரியவில்லை.

உங்கள் வேலையைக் காட்டி வீடியோ போடுகிறீர்களே, அதிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்: அந்த ரப்பரை மாட்டிய காரில் உங்கள் பிள்ளையை இந்த மலையிலிருந்து இறக்குவீர்களா?