உள்ளங்கையில எழுதின டெம்பரேச்சர்

லிக்விட் நைட்ரஜன் கேன் மூடியைத் திறந்தா வெள்ளைப் புகை வழிஞ்சு கால் விரல் வரைக்கும் சில்லுனு இறங்கும். வெளியே திருவனந்தபுரத்து வெயிலும் புழுக்கமும்... எங்க லேப்புல மட்டும் டிசம்பர்.

அப்போ நான் பிஎச்டி மூணாவது வருஷம். அப்பா விழிஞ்ஞம் துறைமுக வேலையில கொத்தனார். "என்ன படிக்க மக்களே?"ன்னு கேட்டா, "ஒரு துண்டு உலோகத்துல ஒரு முனையை மட்டும் சூடாக்குனா எவ்வளவு வோல்டேஜ் வருதுன்னு பாக்கேன்பா"ன்னு சொல்லுவேன். அவ்வளவுதான் என் வேலை.

ஆனா அது சாதாரண உலோகம் இல்ல. குளிர வச்சா, ஒரு டெம்பரேச்சர்ல உள்ள இருக்கற ஒரு வகை அணுக்கள் எல்லாம் ஒரே பக்கமா கொஞ்சம் நகர்ந்துடும். கரண்ட் ஓடற உலோகத்துல அப்படி நடக்கவே நடக்காதுன்னு ரொம்ப காலம் நெனச்சிருந்தாங்க. போலார் மெட்டல்னு பேரு.

அந்த டெம்பரேச்சர்கிட்ட வரும்போது என் வோல்டேஜ் திடீர்னு எகிறிச்சு.

கைடு சார் கிராஃபைப் பாத்துட்டு சிரிச்சார். "காண்டாக்ட் போயதாணு. தணுப்புல சில்வர் பேஸ்ட் கீறும், கேட்டோ." வயரை ஒட்டற பேஸ்ட் குளிர்ல விரிசல் விட்டிருக்கும்கறார். எகிறல் நிஜம்னு திங்கட்கிழமைக்குள்ள நிரூபிக்கலைன்னா சப்ஜெக்டையே மாத்திக்கோன்னுட்டார்.

மூணு வருஷம்... அப்படியே போயிடுமா?

பேஸ்டை சுரண்டிட்டு புதுசா வச்சேன். அதே இடத்துல எகிறிச்சு. திருப்பி வச்சேன். அதே இடம். சாம்பிளை எடுத்துட்டு அங்கேயே செம்புத் துண்டை வச்சேன்... கோடு வழுக்கிட்டுப் போச்சு, ஒரு மேடு கூட இல்ல. அப்போ கோளாறு செட்டப்புல இல்ல!

சாருக்கு அதுவும் போதலை.

எக்ஸ்ரே மெஷின் பாத்துக்கிட்டது ஜினி, என் பேட்ச். "உன் டெம்பரேச்சரை எனக்குச் சொல்ல வேண்டாம். நான் தனியா பாக்கறேன்"னா. வோல்டேஜ் எகிறின டெம்பரேச்சரை நான் பேனாவால என் உள்ளங்கையில எழுதி முஷ்டியை மூடிக்கிட்டேன். சார் பின்னாடி கையைக் கட்டிட்டு நின்னார்.

அதே சாம்பிள்தான். ஜினி குளிர வச்சுக்கிட்டே வர்றா. திரையில ஒத்தைச் சிகரம். அணுக்கள் நிஜமாவே நகர்ந்தா அது ரெண்டா பிரியணும். இன்னும் ஒத்தை. என் கை வேர்த்து மை அழிஞ்சிடுமோன்னு பயம்...

"தோ! ரெண்டா பிரியறது!"

டெம்பரேச்சரை சத்தமா வாசிச்சா. நான் கையை விரிச்சேன். ரெண்டே டிகிரி வித்தியாசம்.

ஜினி போட்ட கூச்சல்ல பக்கத்து லேப் ஆட்கள் ஓடி வந்துட்டாங்க. சார் என் கையைப் பிடிச்சு, கண்ணாடியை ஏத்திவிட்டு ரெண்டு தடவை வாசிச்சார். "ஷெரி... காண்டாக்ட் அல்ல. எனக்குத்தான் தெற்றிப்போச்சு, என் தப்பு. பேப்பர் எழுது, உன் பேர் முதல்ல."

அன்னைக்கு கேன்டீன்ல பழம்பொரி சார் செலவு.

அப்பாவுக்கு போன் போட்டேன். பின்னாடி கான்கிரீட் மிக்ஸர் சத்தம். "ஜெயிச்சிட்டேன்பா!" என்ன ஏதுன்னு கேக்கலை. கூட இருந்தவங்க கிட்ட "எம்மவ ஜெயிச்சிட்டாடே!"ன்னு கத்தினது மட்டும் கேட்டுச்சு.

இப்போ எனக்குன்னு ஒரு லேப் இருக்கு. மெஷினே குளிர வைக்கும், அளக்கும், கிராஃப் போட்டு போனுக்கு அனுப்பிடும். போன வாரம் கரமனை பஸ்ஸுல கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டே, புது சாம்பிள்ல ஒரு அருமையான எகிறலைப் பாத்தேன்.

சந்தோஷம்தான்... ஆனா பக்கத்துல கூச்சல் போட ஆள் இல்ல. கண்டக்டர் கிட்டயா சொல்ல முடியும்?