எட்டுக் கதிரையும் ஒரு வேனும்

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு இரண்டு கதிரை அனுப்பினேன். அசல் தேக்கு. என் பட்டறையில் செய்தது.

'இதையும் எழுதிப் பீற்றிக்கொள்ளப் போகிறாரா?' என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. பீற்றாமல் இருப்பேனா? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இனக் கலவரத்தில் பிலிமத்தலாவையில் என் கடையைக் கொளுத்தினார்கள். அதே இடத்தில் இரண்டு மடங்காக எழுப்பினேன் — ஒருத்தரிடமும் யோசனை கேட்காமல்!

ஆனால் இந்தக் கதிரைகளின் கதை வேறு...

அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூட்ட அறை. மேசையும் எட்டுக் கதிரையும் என் அன்பளிப்பு. ஒவ்வொன்றின் முதுகிலும் என் பேர். சிக்கலான நோயாளிகளைப் பற்றி டாக்டர்மார் கூடிப் பேசும்போது, வெளி ஆள் ஒருத்தரும் இருக்கட்டும் என்று என்னையும் கூப்பிடுவார்கள். டை கட்டியவர்களுக்கு நடுவில் நான்! விடுவேனா?

மூன்று மாதத்துக்கு முன்பும் கூடினோம். ஹேவாஹெட்ட தோட்டத்துப் பிள்ளை, வசந்தி. ஆறு வயது. இருதயக் கோளாறு. கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேஷன் செய்வதா? இல்லை, வலி தெரியாமல் மருந்து கொடுத்து நிம்மதியாக இருக்க விடுவதா?

"ஒப்பரேஷன் செய்தாலும் தப்புறது கஷ்டம். பயணத்தையே தாங்குமோ தெரியேல்லை," என்றார் பெரிய டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "புள்ளய சும்மா வச்சுப் பாத்துக்கிட்டா இருக்கிறது? என் வேனத் தர்றேன். நானே ஓட்டுறேன். இப்பவே கெளம்புவோம்!" மேசையில் ஒரு தட்டு.

எல்லாரும் தலையாட்டினார்கள். முடிவாகிவிட்டது.

தாயும் தகப்பனும் ஒரு மணித்தியாலமாகக் கதவுக்கு வெளியே நின்றிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கூப்பிட்டாலும் உட்காரக் கதிரை ஏது? வெளியே போய், "கொழும்புக்குப் போறோம்" என்றேன். தாய் வாயைத் திறந்தது. "பயப்படாத தாயி, நான் இருக்கேன்ல" என்று அடக்கிவிட்டேன்.

நர்ஸையும் ஒக்சிஜனையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். கடுகண்ணாவை இறக்கம் தாண்டி ஒரு இராணுவச் செக்பொயின்ட். எங்களை இறக்கி, தகப்பனின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். என் சிங்களம் அன்றைக்குச் செல்லவில்லை. வேனுக்குள் இருந்து நர்ஸ் கூப்பிட்டாள்... ஓடிப் போனோம். பிள்ளை போய்விட்டது.

தாய் அழவில்லை. வசந்தியை மடியில் போட்டுக்கொண்டு சொன்னது:

"இதுக்குத் தம்பியப் பாக்கணும்னுதாங்க ஆச. வாட்டுல சின்னப் புள்ளைகள விட மாட்டாங்க. நாலு நாள் உசுரோட இருந்தாலும் போதும், லயத்து வீட்டுக்கே தூக்கிட்டுப் போயிடுவோம்னு நெனச்சிருந்தோம். அதச் சொல்லத்தாங்க வாயெடுத்தேன்..."

தகப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "முதலாளியே வேன் தர்றப்ப எப்புடிங்க வேணாங்கிறது?"

வேனைத் திருப்பினேன். ஹேவாஹெட்டயில் அவர்கள் லயத்துக்கு முன்னால் நிறுத்தினேன். தம்பி வாசலில் நின்றான்.

டாக்டர்மாருக்கு நோயைத் தெரியும். எனக்கு ரோட்டைத் தெரியும். அந்தப் பிள்ளையைத் தெரிந்த இரண்டே பேரை வெளியே நிறுத்திவிட்டு என்ன பெரிய கூட்டம்?

பெரிய டாக்டரிடம் போனேன். "இனிமே தாய் தகப்பன உள்ள கூப்புடுங்க."

"அவையளுக்கு இதெல்லாம் விளங்குமே, முதலாளி?"

"எனக்கு வெளங்கும்னு கூப்புட்டீங்கதானே? நான் படிச்சது மூணாம் வகுப்பு."

கூட்ட அறைப் பக்கம் திரும்பிக் கதிரைகளை எண்ணினார். பிறகு, "ரெண்டு கதிரை அனுப்புங்கோ," என்றார்.

அனுப்புவதற்கு முன் என் பெயின்டர் தூரிகையோடு வந்தான். "பேரு வழக்கம் போல முதுகுலதானே முதலாளி?"

இதில் வேண்டாம் என்றேன். எனக்குக் காய்ச்சலோ என்று பார்த்தான்.