ஏககாலத்தில்

இன்று காலை கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேப்பரைக் காட்டிக் கேட்டார். "தண்டனையை ஏககாலத்தில் அனுபவிக்கணும்னு போட்டிருக்காங்களே, அப்படின்னா என்னம்மா?"

"ரெண்டு தண்டனையும் ஒண்ணா ஓடும்ங்க. பெரிசு முடிஞ்சா விட்டுடுவாங்க" என்றேன்.

எண்பதுகளில் எங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

வரப்புச் சண்டையில் அப்பாவுக்கு ஒரு குற்றத்துக்கு மூன்று வருடம், இன்னொன்றுக்கு இரண்டு. நீதிபதி 'ஏககாலத்தில்' என்றுதான் படித்தார். அம்மா ஐந்து என்று கூட்டிக்கொண்டாள். அடி அண்ணாமலை கிராமத்திலிருந்த எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போனாள். அம்மா, அப்பா இருவருக்குமே எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கடிதமும் இல்லை.

ஐந்தாம் வருடம் அப்பாவுக்குப் புது வேட்டி வாங்கிக்கொண்டு திரும்பினோம். பக்கத்து வீட்டு அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் வூட்டுக்காரரு ரெண்டு வருஷம் முன்னாடியே வந்துட்டாரும்மா. பூட்டின கதவுகிட்டயே கெடந்தாரு. நீ வேற யாரோடயோ போயிட்டேன்னு எவனோ சொல்லிட்டான். அப்புறம் ஆளையே காணோம்."

அம்மா சாகும்வரை தேடினாள். கிடைக்கவில்லை.

இப்போதாவது கோர்ட்டில் இந்த வார்த்தைக்கு யாராவது அர்த்தம் சொல்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கு இனி உபயோகப்படாது, இருந்தாலும்.