போனவனும் செத்தவனும்

எங்கள் ஆற்றங்கரை ஊரான சாந்தா ஆனாவில் நசாரியாவுக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. காது மட்டும் பாம்புச் செவி. மாட்டுப்பண்ணைகளோடு பேசும் வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவள்.

யாக்குமா ஆறு ஊருக்குள் புகுந்த வருஷம் அது. ஒரு மத்தியானம் தூரத்துப் பண்ணையிலிருந்து கிழவர் ஃபிதென்சியோ, பெட்டியில் ஸ்பானிஷ்தான் பேசணும் என்ற நினைப்பில், தெரிந்த நாலு வார்த்தையில் திக்கித் திக்கிச் சொன்னார்: "தெல்மோவைத் தண்ணி கொண்டுபோச்சு. குதிரை மட்டும் வந்துச்சு."

சுற்றி நின்ற எங்களுக்கு அதுவே போதுமாயிருந்தது. அந்தப் பண்ணையில் மாடு மேய்க்கப் போயிருந்த தெல்மோவின் மனைவி பசிலியா தரையில் புரண்டு அழுதாள்.

நசாரியா அசையவில்லை. "மாமா, நம்ம பேச்சுலயே சொல்லுங்க" என்றாள் எங்கள் மொவிமா மொழியில்.

கிழவர் மடமடவென்று கொட்டினார். எங்கள் மொழியில் ஆளின் பேருக்கு முன்னால் ஒரு சின்னச் சொல் வரும். கண்ணெதிரே இருப்பவனுக்கு ஒன்று, எங்கோ போயிருப்பவனுக்கு ஒன்று, செத்தவனுக்கு வேறொன்று. அழுகைச் சத்தத்தில் நாங்கள் கோட்டைவிட்டதை அவள் பிடித்துக்கொண்டாள்.

"செத்தவனாச் சொல்லலையே மாமா நீங்க?"

"அவன் எங்க செத்தான்? காலையில கூட தெக்கு மேட்டுக்காட்டுல புகை வந்துச்சே! எங்கிட்ட படகு இல்ல. அதைத்தானே இம்புட்டு நேரமா கத்துறேன்!"

படகுக்காரன் ரோசெந்தோ தலையைச் சொறிந்தான். "யார் மூட்டின புகையோ! அந்தக் கிழவரோட ஒத்தைச் சொல்லை நம்பி ஒரு டின் பெட்ரோலா, அக்கா?"

"நானும் வரேன். அங்க ஆள் இல்லேன்னா என்னைத் தண்ணியில தள்ளிட்டு வந்துடு."

நசாரியாவுக்கு நீச்சல் தெரியாது. ஊருக்கே அது தெரியும். ரோசெந்தோ மோட்டார் கயிற்றை இழுத்தான். அவள் ஏறி உட்கார்ந்து, பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் தெல்மோவைக் கண்டார்கள். கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. மடியில் ஒரு கன்றுக்குட்டி.

"முதல்ல கன்னை ஏத்துங்க" என்றான்.

"உன் வாய் மட்டும் வெள்ளத்துல போகல பாரு!" என்று சீறினாள் நசாரியா. கரைக்கு வந்தபின் பலகையிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக நாங்கள்தான் பிரித்து எடுத்தோம்.

அதற்கப்புறம் வாரம் தவறாமல், உப்புக்கண்டம் போட்டு இடித்த வாழைக்காயைச் சட்டி நிறையக் கொண்டுவந்து வைத்தாள் பசிலியா. நாலாவது மாதம் நசாரியா கும்பிட்டே விட்டாள்: "போதும்டி தாயே! இப்படித் தின்னுட்டே இருந்தா, இனிமே எவனாவது தொலைஞ்சா, என்னை ஏத்துற படகே முங்கிப்போயிடும்!"